நாலு டெராபைட்டும் சொச்சமும்

"கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலு அதிகபட்சம் எவ்வளவு பெருசா வளர முடியும்? சொல்லுங்க பார்ப்போம்."

அறைக்குள் மகள் வேல்விழி இப்படிக் கேட்டதும், சன்னலுக்கு வெளியே தன் எலக்ட்ரிக் கடைக்கு வந்த பீங்கான் ஃபியூஸ் பெட்டிகளை அடுக்குவதுபோல் பாவலா காட்டிக்கொண்டிருந்த கோதண்டபாணி சன்னலோடு ஒட்டிக்கொண்டார். கேட்டுவிட்டாள், பாவி மகள்!

பெண் பார்க்க வந்த பையனோடு தனியாக ரெண்டு வார்த்தை பேசச் சொன்னால், மற்ற பெண்கள் சம்பளம் கேட்பார்கள், சமையல் கேட்பார்கள். காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிற வேல்விழி, கணக்குக் கேட்பாள். இதற்குமுன் வந்த மூன்று பேரும் பெங்களூர், சென்னை என்று சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவர்கள். மூன்று பேரிடமும் இதே கணக்கைத்தான் கேட்டாள் என்று தரகர் சொன்னார். அவர்கள் போனதும், "வேணாம்ப்பா" என்ற ஒரே வார்த்தை. அதற்குமேல் அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

சாஃப்ட்வேர்காரனே தோற்றுப்போன கணக்கு. இன்று வந்திருக்கும் திலீபனோ ரயில்வேயில் சிக்னல் பார்க்கிறவன். தங்கமான பையன். வந்ததும் வராததுமாக அவர் மனைவி அம்சவல்லியின் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தானே வாங்கி எல்லாருக்கும் கொடுத்தான். இவனையும் விட்டுவிட்டால் மகள் கடைசிவரை தனியாகவே நின்றுவிடுவாளோ என்று கோதண்டபாணிக்குப் பயம்.

அதனால்தான் குறுக்கு வழியில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேல்விழி வீட்டில் டியூஷன் எடுப்பாள். கேட்டுக் கேட்டு அவருக்கு விடை மட்டும் மனப்பாடம். திலீபன் கைகழுவப் போனபோது குழாயடிக்கே போய், "தம்பி, ஃபைலு கணக்கு கேப்பா. நாலு டெராபைட்டும் சொச்சமும்னு சொல்லிடுங்க" என்று காதில் ஓதிவிட்டு வந்திருந்தார்.

"நாலு டெராபைட்டும் சொச்சமும்" என்றது உள்ளே திலீபனின் குரல்.

"சரிதான்" என்றாள் வேல்விழி.

கோதண்டபாணியின் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அது ஒரு நொடிதான்.

"ஆனா ஒண்ணுங்க. இத உங்க அப்பாதான் குழாயடியில சொல்லிக் குடுத்தாரு. டெராபைட்டுன்னா என்னன்னே எனக்குத் தெரியாது."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. கோதண்டபாணி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பஜ்ஜித் தட்டோடு வந்த அம்சவல்லி, "ஒட்டுக் கேக்குறீங்களே, வெக்கமா இல்ல?" என்று அதட்டிவிட்டுத் தானும் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அது எப்படிங்க நாலு டெராபைட்டு வருது? எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றான் திலீபன்.

வேல்விழி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"நான் நடத்துற முறையில ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடுன்னு ஒரு விலாசக் குறிப்பு இருக்குதுங்க. ஃபைலைத் துண்டு துண்டாத்தான் டிஸ்க்குல வைப்பாங்க. ஒரு துண்டு நாலு கேபி. எந்தத் துண்டு எங்க இருக்குதுங்கிற விலாசம் ஐநோடுல இருக்கும். ஆனா அதுல பதினஞ்சு விலாசத்துக்குத்தான் இடம்."

"பதினஞ்சே பதினஞ்சா? அப்புறம் எப்படி அவ்வளவு பெருசா வளரும்?"

"மொத பன்னெண்டும் நேரா துண்டுக்கே போவும். பதிமூணாவது அப்படிப் போவாது. விலாசம் மட்டுமே இருக்குற ஒரு துண்டுக்குப் போவும். அதுல ஆயிரத்து இருபத்து நாலு விலாசம் இருக்கும்."

"கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரிங்களா?" திலீபன் உற்சாகமானான். "பன்னெண்டு வூட்டுக்கு நாமளே நேர்ல போயி வைக்கிறோம். பதிமூணாவது, சேத்தியாத்தோப்பு மாமாகிட்ட மொத்தமாக் குடுத்துடுறோம். அவரு ஆயிரம் வூட்டுக்குக் கொண்டுபோயி சேத்துடுவாரு."

"அதேதான்!" வேல்விழியின் குரலில் சிரிப்பு. "அப்போ பதினாலாவது?"

"இன்னொரு மாமா, அவருக்குக் கீழ ஆயிரம் மாமா."

"பதினஞ்சாவது?"

"மூணாவதா ஒரு மாமா, அவருக்குக் கீழ ஆயிரம் மாமா, அந்த ஆயிரம் பேருக்கும் கீழ ஆளுக்கு ஆயிரம் மாமா! யம்மாடி, நூறு கோடி வூட்டுக்கு மேல போவுதுங்களே!"

"ஒரு வூட்டுக்கு நாலு கேபின்னு பெருக்கிப் பாருங்க. நாலு டெராபைட்டும் சொச்சமும் வந்துடும்."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். "இத்தனை பேருக்குப் பந்தி போட மண்டபம் ஏது?" என்று அம்சவல்லி முணுமுணுத்தாள். கோதண்டபாணிக்குச் சிரிக்க முடியவில்லை. அப்பன் சொல்லிக் கொடுத்த விடையோடு வந்தவனை மகள் எப்படி ஏற்பாள்?

கதவு திறந்தது. வேல்விழி நேராக அவரிடம் வந்தாள். "அவங்க வூட்ல சரின்னு சொல்லிடுங்கப்பா."

கோதண்டபாணி விழித்தார். "என்னம்மா சொல்ற? அவருக்குத்தான் அந்தக் கணக்கு தெரியலையே! மொதல்ல வந்த மூணு பேரையும் விடை தெரியலன்னுதானே வேணாம்னு அனுப்பின?"

"யாருப்பா சொன்னது? அந்த மூணு பேருமே பட்டு பட்டுன்னு சரியான விடைய சொல்லிட்டு, 'கல்யாணத்துக்கு அப்புறம் ஒனக்கு இதெல்லாம் எதுக்கு?'ன்னு சிரிச்சாங்க" என்ற வேல்விழி, அறைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "எனக்குச் சொல்லிக் குடுங்கன்னு உக்காந்து கேட்டது இவரு ஒருத்தருதாம்ப்பா."