பர்கர் கடை வாசல்

"ஹார்லன், இன்னைக்கும் பர்கர் கடை வாசல்தானா?"

திரையில் ஹார்லன் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அவருடைய பழைய வண்டிக்குப் பின்னால் கடையின் சிவப்புப் பலகை பளிச்சென்று தெரிந்தது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு நர்ஸ் வெர்னா தினமும் காலையில் வீடியோவில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பாள். கென்டக்கி மலைப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்துபோனால் பாதி நாள் போய்விடும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

"வெறும் காபிதான் சிஸ்டர்."

"நம்பிட்டோம்!" என்றார் இன்னொரு நோயாளி. எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லனும் சேர்ந்து சிரித்தார்.

"மத்தவங்க எல்லாம் வீட்டுல இருந்துதானே பண்றாங்க? உங்களுக்கு மட்டும் என்ன?"

"வீட்டுல சரிப்படாது சிஸ்டர். ஆரம்பிக்கலாமா?"

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பில் இடம் கேட்டு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்! இந்த மனிதர் என்னவென்றால் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் பர்கர்.

அன்று மாலையே அவர் பெயரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

மாதம் முடிவதற்குள் ஹார்லன் போய்ச் சேர்ந்தார். மறுபடியும் மாரடைப்பு.

சர்ச்சில் அவர் மனைவி ஓபலின் கையைப் பிடித்துக்கொண்டாள் வெர்னா. "நான் எவ்வளவோ சொன்னேம்மா. அந்தக் கடைச் சாப்பாட்டை மட்டும் விட்டிருந்தார்னா..."

ஓபல் புரியாமல் பார்த்தாள்.

"அங்க அவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லையே! எங்க பள்ளத்தாக்குல நெட்டும் கிடையாது, சிக்னலும் கிடையாது. கடை வாசல்ல நெட் ஓசியில வரும். உங்க கிளாஸுக்காகவே மலையிறங்கிப் போவாரு. சும்மா நின்னா விரட்டுவாங்கன்னு ஒரு காபி வாங்கி வச்சுக்குவாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே..."

"எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்வாரு? ரொம்பக் கூச்சம் அவருக்கு."

ஓபல் வெர்னாவின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"போகட்டும். நீங்களாவது குணமாகி வந்தீங்களே, அதுவே போதும்."

"எனக்கென்ன ஆச்சு?"

"கிளாஸ் திறக்குதான்னு தினமும் போய்ப் பார்த்துட்டு வந்தாரு, திறக்கவே இல்ல. அந்த நர்ஸம்மாவுக்குத்தான் உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சு, போன ஞாயித்துக்கிழமை இதே சர்ச்சுல எழுந்து நின்னு, உங்களுக்காக எங்க எல்லாரையும் ஜெபம் பண்ணச் சொன்னாரு."