ஒரே ஒரு 'இல்லை'

வென்ட்வேர்த்வில் மண்டபத்தில் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் சங்கத்தின் இரகசிய வாக்கெடுப்பு முடிந்திருந்தது. சிங்களவர்களின் கடைகளைப் புறக்கணிப்பதா என்பதுதான் கேள்வி. எல்லாச் சீட்டிலும் 'ஓம்' என்று சம்மதம் எழுதியிருந்தது. ஒன்றில் மட்டும் 'இல்லை'.

"ஆர் அந்தத் துரோகி? கதவைச் சாத்துங்கோ! கையெழுத்தை வைச்சுப் பிடிப்பம்!" என்று கத்தினார் செயலாளர் குலேந்திரன்.

தவனேசன் எழுந்தான். "நான்தான் எழுதினனான்."

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. போன வருடம்தான் முள்ளிவாய்க்கால் போரில் தம்பியைப் பறிகொடுத்தவன் அவன். அடுத்த நொடி யாரோ தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கி அவன் மேல் எறிந்தார். மனைவி வசந்தினி அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு ஓடினாள்.

காரில் ஏறியதும் அவள் கேட்டாள்: "உண்மையாவே நீங்களோ எழுதினனீங்கள்?"

"இல்லை. தம்பியை நினைச்சு 'ஓம்' எண்டுதான் எழுதினனான்."

"பிறகேன் எழும்பினனீங்கள்?"

"மாறி எழுதின ஆளைத் தேடிப் பிடிச்சு அடிக்கிறதெண்டால், அங்கை ஊரிலை அவங்கள் எங்களுக்குச் செய்ததைத்தானே இங்கை நாங்களும் செய்யிறம்? அது ஆரெண்டு எனக்குத் தெரியவே வேண்டாம்."

வசந்தினி அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரிய வேணும்," என்றாள். "அது நான்."