இப்பத்தான் எழுந்து போனார்

வேலைக்குச் சேர்ந்து இருபது நாள் ஆகிவிட்டது. எதிர் சீட்டுக்காரனின் முகத்தை அவள் இன்னும் நேரில் பார்க்கவில்லை.

மேஜையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். நாற்காலி முதுகில் ஒரு ஸ்வெட்டர் தொங்கும். சுவரோரம் ஊன்றுகோல் சாய்ந்திருக்கும். ஆள் மட்டும் இருக்கமாட்டான்.

"எங்க சார் அவரு?"

"இப்பத்தாம்மா எழுந்து போனார், டீ குடிக்க," என்பார் மேனேஜர், தலையைத் தூக்காமலே.

இருபது நாள் குடிக்கிற டீயா அது!

ஆனால் காலையில் அவள் வருவதற்குள் வருகைப் பதிவேட்டில் அவன் கையெழுத்து விழுந்திருக்கும். அது ஃபேன் கம்பெனி; ஃபேன் சுத்தவில்லை, ரெகுலேட்டர் சுடுகிறது என்று ஊரெல்லாம் எழுதும் புகார்க் கடிதங்களுக்குப் பதில் போடுவதில் அவன் பங்கும் அவள் தலையில்தான் விடியும்.

"கால் முடியாதவர்னா அதுக்காக இப்படியா சலுகை?" என்று அம்மாவிடம் புலம்பினாள். "கொடுத்து வெச்ச மகராசன்!"

ஸ்வெட்டரில் குத்தியிருந்த அடையாள அட்டையில் அவன் போட்டோ. ஒட்டிய கன்னம், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அவள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது அவளையே பார்த்தது.

ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எதிர் நாற்காலி கிரீச்சென்று அரைச் சுற்றுத் திரும்பியது. ஃபேன் காற்றுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்போதுதான் அது உறைத்தது.

ஊன்றுகோல் இங்கேயே இருக்கிறது. அது இல்லாமல் அவன் எப்படி எழுந்து போகிறான்?

கிட்டப் போய்ப் பார்த்தாள். ஊன்றுகோல் கைப்பிடியில் விரல் கனத்துக்குத் தூசி. நாற்காலி மெத்தையில் கடையில் போட்ட பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, அவரு உயிரோடதான் இருக்காரா?"

"ரெண்டு வருஷமா அந்த நாற்காலியைத் துடைக்கிறேன். ஒருநாள்கூடச் சூடா இருந்ததில்ல. அதுக்கு மேல என்னைக் கேக்காதேம்மா."



மறுநாள் காலை. வராந்தாவில் டக்... டக்... என்று சத்தம் நெருங்கி வந்தது. வாசலில் ஒருவன் நின்றான். ஒட்டிய கன்னம். புருவத்தில் தழும்பு. கக்கத்தில் வேறொரு ஊன்றுகோல்.



"மேடம், நான் இங்க வேலை செய்யலைன்னு ஒரு லெட்டர் வேணும்."

"எ... என்னது?"

"ரெண்டு வருஷம் முன்னாடி இன்டர்வியூக்கு வந்தேன். போட்டோ, சர்டிபிகேட் காப்பி எல்லாம் வாங்கிட்டு, 'உன்னால முடியாது, கிளம்பு'ன்னுட்டாங்க. அதுக்கப்புறம் எங்க போனாலும், 'நீ ஏற்கெனவே அந்த ஃபேன் கம்பெனியில வேலையில இருக்கியே'ங்கறாங்க. அஞ்சு வேலை கைநழுவிப் போச்சு மேடம். என் பொண்டாட்டியே சந்தேகப்படுறா."

அவள் எதிர் நாற்காலி ஸ்வெட்டரையும் வருகைப் பதிவேட்டையும் கையை நீட்டிக் காட்டினாள்.

அவன் தன் போட்டோவைப் பார்த்தான். பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே இன்றைய கையெழுத்தையும் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"அப்ப... தினமும் இங்க வர்றது நானா?"

வெளியே மேனேஜரின் குரல் கேட்டது. "எங்ககிட்ட எல்லாருக்கும் சம வாய்ப்பு சார். மாற்றுத்திறனாளிக்குன்னு தனி சீட்டே இருக்கு."

"இந்தத் தடவை ஆளை நேர்ல பாக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்," என்றார் கூட வந்த அரசாங்க ஆய்வாளர்.

இருபது நாளாக யாரைத் திட்டித் தீர்த்தோம் என்று நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. விடுவிடுவென்று பிளாஸ்டிக் கவரைக் கிழித்தாள். கடிதக் கட்டில் பாதியை எதிர் மேஜையில் வைத்தாள்.

"உக்காருங்க," என்றாள்.

கதவு திறந்தது. மேனேஜர் ஆய்வாளரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து உள்ளே வந்தார். வாய் பழகியதைச் சொன்னது.

"அடடா, இப்பத்தான் சார் எழுந்து போனார், டீ குடிக்க..."

"குடிச்சிட்டு வந்துட்டேன் சார்," என்றது எதிர் நாற்காலி.