முதல் மறுப்பு

"ஏங்க, நம்ம குட்டி 'மாட்டேன்'னு சொல்லிட்டா!"

போனில் மனைவி துள்ளினாள். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"யார்கிட்ட?"

"என்கிட்டதாங்க! அதுவும் முறைச்சுக்கிட்டு!"

வண்டிகளுக்கு சர்வீஸ் தேதி எழுதுகிற அதே ஒழுங்கோடு மகளின் சொற்களுக்கும் அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். 'வேணும்' போன மாதமே வந்துவிட்டது. 'மாட்டேன்' மட்டும் வருமா வராதா என்று ஐந்து மாதமாகத் தவிப்பு. கிரீஸ் கையோடு தேதி போட்டுவிட்டு முதலாளியிடம் ஓடினார்.

"அண்ணே, அரை நாள் லீவு வேணும். பொண்ணு 'மாட்டேன்'னுட்டா!"

"நாலு வயசுப் பிள்ளை எதிர்த்துப் பேசினதுக்கு லீவாய்யா? என் வீட்டுக்கு வா, காலையிலேர்ந்து அதே பாட்டுதான்!"

மெக்கானிக் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

வீட்டில், குளியலறை வாசலில் குட்டி அடம்பிடித்து நின்றாள். மனைவி அவருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, குட்டியின் முதுகுக்குப் பின்னால் போய், வாயசைவு தெரியாதபடி நின்றுகொண்டாள்.

"குளிக்கணும் குட்டி. காது மெஷினைக் கழட்டலாமா?"

ஆபரேஷன் முடிந்து காதுக்கு வெளியே மாட்டிய நாளிலிருந்து குட்டி பிடுங்கிப் பிடுங்கி எறிந்த மெஷின் அது. இப்போது அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினாள்:

"மாட்டேன்!"