ஓட்டை விழுந்த தட்டு

"இதையெல்லாம் இப்பவே தூக்கிக் குப்பையில போடு!"

கிராண்டல் போட்ட சத்தத்தில் அறிவியல் கண்காட்சிக்கு வந்திருந்த கூட்டமே திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்தச் சின்ன ஊரில் அவர் பெரிய பன்றிப் பண்ணைக்காரர், பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவரும் அவர்தான். மனுஷன் வாயைத் திறந்தாலே வசவுதான்.

அவர் கை காட்டியது மாணவி டெஸ்ஸாவின் மேசையை. கிராண்டல், ஷ்ரோடர் இருவர் பண்ணைச் சாக்கடையிலிருந்தும் அவள் கிருமி எடுத்து, மூடி போட்ட தனித்தனிக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மருந்தில் நனைத்த காகிதப் பொட்டுகளை மேலே ஒட்டியிருந்தாள். எந்தக் கிருமி மருந்துக்கு அடங்குகிறது என்று அளப்பதுதான் ஆய்வு. மாநிலப் போட்டிக்குப் போக இந்த வருடத்தை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பில்லை.

"யார் பேரும் போடலையே சார். ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர்தானே இருக்கு."

"ஊர்ல இருக்கிறதே ரெண்டு பண்ணை. யாருக்குத் தெரியாதாம்?"

குனிந்து பார்த்தார். ஒன்றாம் தட்டில் பொட்டுகளைச் சுற்றியிருந்த கிருமிப் படலத்தில், பூச்சி அரித்த கம்பளி மாதிரி வட்ட வட்டமாய் ஓட்டை. இரண்டாம் தட்டு ஒரு குறையில்லாமல் வழவழவென்று இருந்தது.

"ஓட்டை விழுந்து கிடக்கிறதை என் தலையில கட்டப் பாக்குறியா? அந்த ஷ்ரோடர் பய சொல்லிக் குடுத்தானா?"

"சார், அந்த வட்டம் வந்து..."

"மூடு வாயை!"

மேசையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, இரண்டாம் தட்டின் மூடியில் 'கிராண்டல் பண்ணை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். "இது இப்படியே இருந்தா நீ போட்டியில இருப்பே. அழிச்சே, தொலைஞ்சே!"

அதற்குள் நடுவர் அம்மாள் வந்துவிட்டார். இரண்டாம் தட்டைத் தூக்கிப் பார்த்தவர் அதிர்ந்து போனார்.

"கடவுளே! மருந்து கிருமியைக் கொன்னா சுத்தி வட்டம் விழணும். இதுல ஒண்ணுகூட விழலையே! எந்த மருந்துக்கும் சாகாத கிருமியை வளர்த்து வச்சிருக்கீங்க, பேரை வேற பெருசா போட்டிருக்கீங்களே மிஸ்டர் கிராண்டல்!"

சுற்றி நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கிராண்டலுக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஐயோ, இது என்னுது இல்லைங்க! நான்தான் அவசரத்துல மாத்தி எழுதிட்டேன். நீயே சொல்லும்மா!"

முதல் தடவையாக அவர் வாயில் 'அம்மா' வந்தது. டெஸ்ஸா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல சார், சரியாத்தான் எழுதியிருக்கீங்க."