கும்மியில் ஒரு சொல்

அன்று ஞாயிறுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கைதட்டல் மட்டும் சரியாக நினைவிருப்பதாக நம்புகிறேன். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியின் பொது நடையில், மூங்கில் கழிகளில் காயும் துணிகளின் ஊடாகச் சாயங்கால வெயில் விழுகிறது. பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமிக்கு நாளை தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டர் வேலைக்கு வாய்மொழித் தேர்வு. போன முறை ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லின் எல்லா அசைக்கும் ஒரே கனம் கொடுத்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதை விட்டால் இன்னொரு வாய்ப்புக் கிடையாது. “சும்மா சொன்னா வராதுக்கா, உங்க கும்மியில போடுங்க லா,” என்கிறாள் எதிர்வீட்டு நஃபீசா. இருவரும் எதிரெதிரே குனிகிறார்கள். ‘இன்’, ‘டர்’ இரண்டுக்கும் மெல்லிய தட்டு. ‘நே’ வந்ததும் நிமிர்ந்து, கைகளை உயர்த்தி, தரை அதிர மிதித்து ஓங்கிய தட்டு. மிச்சம் விரல் நுனியில் அடங்குகிறது. “ஆப்பரேட்டர் வேலைக்கா, கோயில் திருவிழாவுக்கா?” என்று வாசலில் நின்று சிரிக்கிறார் பாக்கியலட்சுமியின் கணவர் வடிவேலு. “நீங்க கொஞ்சம் தள்ளுங்க, காத்து வரட்டும்,” என்கிறாள் பாக்கியலட்சுமி. பிறகு அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்று சொல்கிறாள். சொல் நடுவில் எழுந்து, தானாக இறங்குகிறது. மறுபடி சொல்கிறாள், மறுபடியும். ஒருமுறைகூடப் பிசகவில்லை. வடிவேலுவின் கால் அவரை அறியாமல் ‘நே’க்கு மிதிக்கிறது. பாக்கியலட்சுமி தேர்வில் தேறி, ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை பார்த்தாள். நஃபீசா சாங்கிக்குக் குடிபோனாள். வடிவேலு இப்போது இல்லை. நான் அதே வீட்டில் இருக்கிறேன்.