நாலு மணிக்கு அடக்கம்

பெற்ற அப்பனைப் பெட்டியில் கிடத்தி வைத்துவிட்டு, மகன் வள்ளத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான்.

துட்டி வீட்டில் காலையிலிருந்து இதே பேச்சு.

"ஊர்ல ஒரு சாவு விழுந்தா எவனும் கடல்ல இறங்கக் கூடாது. இவன் சொந்த அப்பன் சாவுக்கே இறங்கிட்டானே" என்றார் ஊர் கமிட்டித் தலைவர் செபாஸ்டின். கட்டுப்பாடு என்று வந்துவிட்டால் அவர் ஆள் முகம் பார்க்க மாட்டார்.

செத்துப்போன சிலுவை எப்பேர்ப்பட்ட மனுஷன்! விதவைப் பென்ஷனுக்கு அலைகிற பெண்களோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினவர். குடித்துவிட்டுக் கரையில் கிடப்பவனைத் தோளில் தூக்கி வீட்டில் சேர்த்துவிட்டு, மறுநாள் யாரிடமும் மூச்சு விடாதவர். பெண்டாட்டி பிள்ளைகளை ஒருநாள் அதட்டியதில்லை. நேற்றுச் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார். கோயிலில் துக்க மணி அடித்ததும் பாதி ஊர் தெருவில் நின்று அழுதது.

அந்த மனுஷனுக்கு இப்படி ஒரு பிள்ளை.

"ஜாய்சன் எங்க போறேன்னு சொன்னான் மதினி?" என்று கேட்டார் செபாஸ்டின்.

சிலுவையின் மனைவி ஞானசௌந்தரி தலை நிமிரவில்லை. "விடியக்காலம் ஒரு போன் வந்துச்சு தம்பி. வந்துருதேம்மான்னு போனான். வேற ஒண்ணும் சொல்லல."

"போன்ல பிடிச்சுப் பாத்தீங்களா?"

"சிக்னல் கிடைக்கல."

"இன்னைக்கு மீன் நிறையப் படும்னு ஆசைப்பட்டுப் போயிருக்கான். வேற என்ன?"

நாலு மணிக்கு அடக்க ஜெபத்துக்குச் சாமியார் வந்துவிட்டார். ஜாய்சன் வரவில்லை.

"ஒரு மணி நேரம் பொறுங்க தம்பி. அப்பா முகத்தை அவன் ஒருவாட்டி பாத்துக்கிடட்டும்."

"முடியாது மதினி. இன்னைக்கு இவனுக்காக நிறுத்துனா, நாளைக்கு எவனும் கமிட்டியை மதிக்க மாட்டான். ஏலே, பெட்டியை மூடுங்க."

ஞானசௌந்தரி பெட்டியைக் கட்டிக்கொண்டாள். மகள் ரீனாதான் அழுதுகொண்டே அவளைப் பிரித்து இழுத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் முதல் பிடி மண் மகன் போட வேண்டும். செபாஸ்டினே போட்டார்.

ஆறு மணிக்கு ஜாய்சன் வள்ளம் கரை வந்தது. அதில் அவன் மட்டும் இருந்தான். ஒரு மீன்கூட இல்லை. ஊரே கரையில் காத்திருந்தது.

"எங்கல போன?" என்றார் செபாஸ்டின்.

"தொழிலுக்குத்தான் சித்தப்பா."

"அப்பனைப் போட்டுட்டா?"

ஜாய்சன் குனிந்து வள்ளத்தின் கயிற்றைக் கட்டினான்.

"ரெண்டு மாசம் உன் வள்ளம் கடல்ல இறங்கக் கூடாது."

"சரி" என்றான். "அப்பாவை எங்கன வச்சிருக்கீங்க?"

யாரோ இடத்தைச் சொன்னார்கள். தலைகுனிந்து கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தான்.

செபாஸ்டின் வீட்டுக்கு வந்தபோதும் ஆத்திரம் அடங்கவில்லை. துட்டிக்கு அத்தையைக் கூட்டி வருவதாக இருட்டோடு கிளம்பிப் போன மகன் ஜெஃப்ரி, போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நடுங்கிக்கொண்டிருந்தான். இரண்டு உள்ளங்கையும் பிளந்திருந்தன.

"என்னலே ஆச்சு?"

"அத்தை வீட்டுக்குப் போகலப்பா. பக்கத்து ஊர்ல ஒரு வள்ளத்தை இரவல் வாங்கிக் கடலுக்குப் போயிட்டேன்." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொஞ்ச தூரத்துலயே இஞ்சின் நின்னு தண்ணி ஏற ஆரம்பிச்சிட்டு. ஊருக்குத் தெரிஞ்சா எங்கப்பாவுக்கு அசிங்கம், யார்ட்டயும் சொல்லாம நீ மட்டும் வான்னு ஜாய்சனுக்கு போன் பண்ணினேன். அதோட வள்ளம் கவிழ்ந்து, நீரோட்டம் என்னை உள்ள இழுத்துட்டு. பகல் பூரா கேனைப் பிடிச்சுக்கிட்டு மிதந்தேன். அவன் தேடிக் கண்டுபிடிக்கும்போது சாயங்காலம் மூணு மணி ஆயிட்டு. பக்கத்து ஊர்ல இறக்கிவிட்டுட்டுப் போனான்."

செபாஸ்டின் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு மணிக்கு அடக்கம்லன்னு வழியெல்லாம் அழுதாம்ப்பா. பயப்படாதல, எங்கப்பா இருக்காருல்லா, நீ வராம பெட்டியை மூட விட மாட்டாருன்னு நான்தான் தைரியம் சொன்னேன்."

ஜெஃப்ரி இப்போதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"மூடாம வச்சிருந்தீங்கல்லாப்பா?"